பட்டுச்சா?

இது நடந்தது. நடந்த இடத்தை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். பகலில், துணைக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு.

கேலன் ஸ்ட்ரவுசரோடு ஒரே சுண்ணாம்புக்கல் குவாரியில் பதினாறு வருஷம் லாரி ஓட்டியவன் நான். குடித்துவிட்டு உளறுகிற ஆள் இல்லை அவன். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். பொய்யும் அவனுக்கு வராது. ஆனால் அந்தப் புத்தாண்டு நாளில் ஒரு பொய் சொன்னான். மாலை நாலு இருபத்தெட்டுக்கு.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எங்கள் பென்சில்வேனியா மலைகளில் சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களுக்கென்று தனியாக மான் வேட்டை தொடங்கும். பழைய ரகத் துப்பாக்கி. குழாயின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, கொழுப்புத் தடவிய துணியில் பொதிந்த ஈயக்குண்டை இடித்து இறக்க வேண்டும். ஒரே ஒரு குண்டுதான். விசையை இழுத்தால் கல் உரசி, பொறி பறந்து, கண்ணுக்கு எதிரே பளிச்சென்று ஒரு தீ. அப்புறம் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. அந்த ஒரு கணம் கை அசையாமல் நிற்கத் தெரிந்தவன்தான் வேட்டைக்காரன். பிறகு வெடிக்கும். வெடித்ததும் முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி புகை எழும்பி நிற்கும். மான் விழுந்ததா, ஓடிற்றா, ஓடினால் எந்தப் பக்கம்? புகை கலைகிற வரை ஒன்றும் தெரியாது. கலைந்த பிறகும் பல சமயம் தெரியாது. உருண்டைக் குண்டு சின்ன ஓட்டை போட்டு உள்ளே போகும். மறுபக்கம் வெளியே வராது. ரத்தமெல்லாம் மானுக்கு உள்ளேயே தங்கிவிடும். தடம் பிடிப்பது பெரும்பாடு.

இப்படி இரண்டு வருஷத்தில் இரண்டு மானைத் தொலைத்தவன் கேலன். முதல் மானின் ரத்தம் ஓடைக்கரை வரை போய் நின்றுவிட்டது. இரண்டாவதை, குளிர் தாங்கவில்லை என்று பாதியில் விட்டுவிட்டு வந்தான். அவனுடைய மனைவி லூஆனின் அண்ணன் மெர்வின் டைப்ளர் மட்டும் மறுநாள் மதியம் வரை தனியாகத் தேடினான். கிடைக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலைய விருந்தில், நாற்பது பேர் நடுவில், மெர்வின் வாயைத் திறந்தான். "எங்க மாப்ளே நல்லாத்தான் சுடுறாரு. மான்தான் எங்க போய்ச் சாகுறேன்னு சொல்லிட்டுப் போக மாட்டேங்குது."

கூடமே சிரித்தது. கேலனும் சிரித்தான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அடியில் அவன் கை முட்டியாக இறுகியதைப் பார்த்தேன்.

வெளியே வண்டியை எடுக்கும்போது மெர்வின் சிரிக்காமல் சொன்னான். "இன்னொண்ண அடிச்சு அரை உயிரா விட்டுட்டு வந்தேன்னா, உன்கூட மலை ஏறுறது அதோட சரி. தங்கச்சி புருஷன்னுகூடப் பார்க்க மாட்டேன்."

அதற்கு அடுத்த வருஷம்தான் இது.

புத்தாண்டு நாள். இரண்டு நாளைக்கு முன் விழுந்த பனி, கணுக்கால் உயரம். மேலே ஏடு கட்டியிருந்தது. மிதித்தால் முறுக்கு நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும். மதியம் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வீவர் மலையில் ஏறினார்கள். மெர்வின் வண்டி வடக்கே, மேட்டுக்கு மேலே. கேலன் வண்டி தெற்கே, வெட்டிய மரங்களைக் கீழே இழுத்து வருகிற பாதையின் அடிவாரத்தில்.

நாலு இருபதுக்கு ஒரு பெண்மான், பனிக்காலத்திலும் இலை உதிராத லாரல் புதருக்குள்ளிருந்து வெளியே வந்தது. நாற்பது கஜம். பக்கவாட்டில் நின்றது. கேலன் விசையை இழுத்தான். பளிச். ஒரு கணம். டமார்.

புகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. 'பொத்.' ஈரச் சாக்கைத் தடியால் அடித்த மாதிரி. வேட்டைக்குப் போகிற எவனுக்கும் அந்தச் சத்தம் தெரியும். குண்டு சதையில் இறங்குகிற சத்தம்.

புகை கலைந்தது. மான் இல்லை.

நின்ற இடத்துக்குப் போனான். குளம்பு சறுக்கிய தடம் இருந்தது. பக்கத்தில் ஒரு பிடி முடி. வெள்ளையும் பழுப்புமாக, கத்தரித்துப் போட்ட மாதிரி. ரத்தம் இல்லை.

அப்போது மேட்டிலிருந்து பனி நொறுங்குகிற சத்தம். மெர்வின் இறங்கி வந்துகொண்டிருந்தான். வரும்போதே கேட்டான்.

"பட்டுச்சா?"

கேலன் வலது காலை நகர்த்தி அந்த முடிமேல் வைத்தான். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவனுக்கே தெரியாது. கால் தானாகப் போயிற்று என்றான் என்னிடம்.

"இல்ல மச்சான். தப்பிடுச்சு."

மெர்வின் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு பனியைப் பார்த்தான். "தப்பிடுச்சா? நாப்பது கஜத்துல?"

"மருந்து ஈரம் போல. தீ பிடிக்க நேரமாச்சு. கை ஆடிடுச்சு."

"எதுக்கும் அரை மணி பொறுத்து ஒரு சுத்து பார்த்துட்டுப் போயிடுவோம். பட்டிருந்தா அதுக்குள்ள படுத்துடும்."

"தப்பிடுச்சுன்னு சொல்றேன்ல? என் துப்பாக்கி, என் கண்ணு. நீ என்ன, என்னை நம்பாம பரிசோதனை பண்றியா?"

மெர்வின் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டான். மூச்சு வெள்ளையாக வந்துகொண்டிருந்தது.

"சரிப்பா. உன் கண்ணு." திரும்பி மேட்டில் ஏறினான். பாதியில் நின்று, "வீட்டுல டாட்டி பன்னிக்கறியும் புளிச்ச முட்டைகோசும் வெச்சிருப்பா. லூஆனைக் கூட்டிட்டு வர்றதுன்னா வா," என்றான். மனைவி சமைத்த புத்தாண்டு விருந்துக்குத்தான் கூப்பிட்டான். குரலில் அழைப்பு இல்லை.

அவன் மறைகிற வரை கேலன் காலை எடுக்கவில்லை.

தேடியிருக்கலாம். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆனால் தப்பிவிட்டது என்று சொன்ன பிறகு எப்படித் தேடுவது? தேடிக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனால், பொய் சொன்னது தெரியும். மேட்டிலிருந்து மெர்வின் திரும்பிப் பார்த்தாலும் தெரியும். அந்த மானைவிட அவனுக்கு அந்தக் கூடத்துச் சிரிப்புதான் பெரிதாக இருந்தது. இதை மறைக்காமல்தான் என்னிடம் சொன்னான்.

நாலு நாற்பத்தைந்துக்குத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மரம் இழுக்கிற பாதையில் இறங்கினான். வண்டிக்கு இருபது நிமிஷ நடை. எத்தனையோ தடவை நடந்த பாதை.

ஐந்து மணிக்கு மரங்களுக்கு அடியில் நன்றாக இருட்டிவிட்டது. டார்ச்சைப் போட்டான்.

அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது.

நறுக்... நறுக்... நறுக்... ஸ்ஸ்ஸ்.

மூன்று அடி. பிறகு ஓர் இழுப்பு. பனி ஏட்டின் மேல் எதையோ இழுக்கிற மாதிரி.

நின்றான். அதுவும் நின்றது.

திரும்பி டார்ச் அடித்தான். பாதை வெறுமையாக இருந்தது. பனியில் அவனுடைய பூட்ஸ் தடம் மட்டும்.

ஏதாவது கிளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தான். நறுக்... நறுக்... நறுக்... ஸ்ஸ்ஸ். இந்தத் தடவை நிற்காமல் நடையை எட்டிப் போட்டான்.

ஐந்து பன்னிரண்டு. அவனுக்கு முன்னால், பாதையின் நடுவில், ஒரு சொட்டு ரத்தம்.

பின்னால் இல்லை. முன்னால். அவன் இன்னும் கால் வைக்காத பனியில்.

குனிந்து பார்த்தான். காசு அளவு. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் ஒரு சொட்டு ரத்தம் ஒரு நிமிஷத்துக்குள் உறைந்துபோகும். இது சூடாக இருந்தது. சுற்றிலும் குளம்புத் தடமே இல்லை.

மூன்று எட்டு தள்ளி இன்னொன்று. அதற்கு மூன்று எட்டு தள்ளி இன்னொன்று. அளந்து வைத்த மாதிரி.

அவன் போக வேண்டிய திசையில்தான் ரத்தமும் போயிற்று. வேறு வழியில்லை. அதன்மேலேயே நடந்தான்.

ஐந்து இருபத்தைந்து. இதற்குள் வண்டி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடது பக்கம், வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு பெரிய ஊசியிலை மரம் தெரிந்தது. இந்தப் பாதையில் இப்படி ஒரு மரமா? இருட்டில் புதிதாகத் தெரிகிறது போல என்று தாண்டிப் போனான்.

ஐந்து முப்பத்தொன்று. இடது பக்கம் சாய்ந்த ஊசியிலை மரம். அதே மரம். உடைந்த அதே கிளை.



கைபேசியை எடுத்தான். சிக்னல் இல்லை. மணி மட்டும் காட்டியது. துப்பாக்கியை இறக்கி மருந்து போடலாமா என்று நினைத்தான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. எதைச் சுடுவது என்பதும் தெரியவில்லை.

ஐந்து முப்பத்தாறு.

வலது பக்க லாரல் புதருக்குள்ளிருந்து ஒரு குரல்.

"இங்க ரத்தம் இருக்கு."

மெர்வின் குரல்.

பயம் போய்க் கோபம் வந்தது அவனுக்கு. திரும்பி வந்திருக்கிறான்! நம்பாமல், திருட்டுத்தனமாகத் திரும்பி வந்து தேடியிருக்கிறான்!

"மச்சான்! போகலையா நீ?"

கேலன் புதர்ப் பக்கம் ஓர் எட்டு வைத்தான்.

"மெர்வின்! டார்ச்ச அடி. எங்க இருக்க?"

"இங்க ரத்தம் இருக்கு."

அதே சொல். அதே ஏற்ற இறக்கம். முன்னே சொன்னதைப் பதிவு செய்து மறுபடி போட்ட மாதிரி.

புதருக்குள் வெளிச்சம் இல்லை. அந்த இருட்டில் டார்ச் இல்லாமல் எப்படி ரத்தத்தைப் பார்க்கிறான்?

கேலன் அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்பினான். இலைகள் குளிரில் சுருண்டு தொங்கின. அவற்றுக்கு நடுவே ஆள் நிற்கிற அளவுக்கு இடமே இல்லை.

நடந்தான். ஓட்டமும் நடையுமாக. பின்னால் நறுக்... நறுக்... நறுக்... ஸ்ஸ்ஸ். வலது பக்கத்தில், கூடவே, அதே தூரத்தில் அந்தக் குரல்.

ஐந்து ஐம்பது. சாய்ந்த மரம்.

ஐந்து ஐம்பத்தெட்டு. சாய்ந்த மரம்.

ரத்தச் சொட்டுகள் இப்போது சொட்டுகளாக இல்லை. கோடாக ஓடிற்று.

ஆறு ஐந்து. சாய்ந்த மரம்.

டார்ச் மங்கத் தொடங்கியது.

ஆறு பத்துக்குக் குரல் மாறியது. மாலையில் மேட்டிலிருந்து இறங்கும்போது மெர்வின் கேட்டானே, அதே மாதிரி.

"பட்டுச்சா?"

கேலன் காதைப் பொத்திக்கொண்டான்.

"பட்டுச்சா?"

"தப்பிடுச்சு!" என்று கத்தினான். "தப்பிடுச்சுன்னு சொல்லிட்டேன்ல!"

நறுக். ஓரடி கிட்டே.

"பட்டுச்சா?"

"இல்ல!"

நறுக்.

முதுகில் மூச்சு பட்டது. சூடான மூச்சு. ஈர மூக்கிலிருந்து வருகிற மூச்சு.

"பட்டுச்சா?"

டார்ச் அணைந்தது.

கேலன் முழங்காலில் விழுந்தான்.

"பட்டுச்சு..." என்றான். "பட்டுச்சு மச்சான். சத்தம் கேட்டுச்சு. முடி கெடந்துச்சு. கால வெச்சு மறைச்சேன். நான்தான் மறைச்சேன்."



மூச்சு விலகியது.

வலது பக்கத்திலிருந்து, மிக மெதுவாக, களைத்துப் போன ஒரு மனிதன் சொல்வது போல, ஒரு சொல்.

"சரி."

அவ்வளவுதான்.

தலையைத் தூக்கினான். பத்தடி முன்னால் அவன் வண்டி நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் உள்விளக்கு எரிந்தது. கைபேசியைப் பார்த்தான். ஆறு இருபது.

வீடு வந்து சேர்ந்ததும் லூஆன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். "என்ன ஆச்சு?"

"குளிரு."

ஏழு மணிக்கு மெர்வினைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மச்சான், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போன?"

"அஞ்சேகாலுக்கெல்லாம் வந்துட்டேன். சாப்பிட்டு அப்படியே சோபாவுல தூங்கிட்டேன். ஏன்?"

"திரும்ப மலைக்கு வந்தியா?"

"உனக்கென்ன பைத்தியமா? இந்தக் குளிர்லயா?" கொஞ்சம் நிறுத்தி, "மாப்ளே... எதாவது சொல்லணுமா எங்கிட்ட?" என்று கேட்டான்.

இருட்டில் முழங்காலில் விழுந்து ஒப்புக்கொண்டவன், வீட்டு வெளிச்சத்தில், மனைவி பக்கத்தில் நிற்க, "ஒண்ணுமில்ல மச்சான். சும்மாதான்," என்றான்.

மறுநாள் காலை மெர்வின் தனியாக மலைக்குப் போனான். கேலன் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

பத்து மணிக்கு மெர்வின் வண்டி வாசலில் நின்றது. அவன் உள்ளே வரவில்லை. இஞ்சினையும் அணைக்கவில்லை. கேலன் வெளியே போனதும் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பனியில் நசுங்கி ஒட்டிய ஒரு பிடி முடி. வெள்ளையும் பழுப்பும்.

"உன் பூட்ஸ் அச்சுக்குள்ள கெடந்துச்சு," என்றான்.

கேலன் அந்த முடியையே பார்த்தான்.

"நெஞ்சுல அடிச்சிருக்க. நல்ல அடி. நீ நின்ன எடத்துலேர்ந்து அறுபது எட்டு. சாஞ்ச மரம் ஒண்ணு இருக்குல்ல, அதோட கிளைக்கு அடியில விழுந்து கெடக்கு. ஒரு நிமிஷத்துல செத்திருக்கும். அஞ்சு நிமிஷம் தேடியிருந்தா கெடச்சிருக்கும் கேலன். ராத்திரி நரிங்க பாதியத் தின்னுடுச்சு."

மாப்ளே என்று சொல்லவில்லை. இருபத்துமூன்று வருஷத்தில் முதல்முறையாகப் பேரைச் சொன்னான்.

"ரத்தம்..." என்றான் கேலன். "ரத்தம் நெறைய போயிருந்துச்சே?"

"எங்க? ஒரு சொட்டு இல்ல. குண்டு வெளிய வரலை. எல்லாம் உள்ளயே கட்டிப் போயிருக்கு." மெர்வின் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எனக்கு ஒண்ணுதான் புரியலை. அந்த மரத்தச் சுத்திச் சுத்தி உன் தடம் இருக்கு. எத்தனை சுத்து சுத்துனியோ, பனி கட்டாந்தரையா மிதிபட்டுக் கெடக்கு. கைய நீட்டினா மானு. அப்படியும் விட்டுட்டு வந்திருக்க. என்ன மனுஷன்டா நீ?"

"நான் பாதையிலதான் நடந்தேன் மச்சான்."

"பாதையிலயா? பாதையில நீ மதியம் ஏறின தடம்தான் இருக்கு, எறங்கின தடமே இல்ல. அந்தச் சுத்துலேர்ந்து உன் வண்டி நின்ன எடத்துக்கும் தடம் இல்ல. எப்படிப் போனேன்னு நீதான் சொல்லணும்." கியரைப் போட்டான். "வேணாம், சொல்லாத. நீ எது சொன்னாலும் இனிமே நான் நம்பப் போறதில்ல."

வண்டி போய்விட்டது. கேலன் திரும்பியபோது கதவருகே லூஆன் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. மெர்வின் தனியாக மலை ஏறுகிறான். கேலன் துப்பாக்கியை எடுப்பதே இல்லை. நடந்ததை நடந்தபடி மெர்வினிடம் சொல்லலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "பொய் சொன்னவன் சொல்ற உண்மை இது. யாரு வாங்குவா?" என்றான்.

மார்ச் மாதம் தேவாலயத்தில் விருந்து. பாத்திரம் கழுவுகிற இடத்தில் மெர்வினின் மனைவி டாட்டியும் லூஆனும் தனியாக நிற்க நேர்ந்தது. ஆண்கள் சண்டை ஆண்களோடு என்று டாட்டி பேச்சுக் கொடுத்தாள். புத்தாண்டு அன்று என்னதான் நடந்தது என்று கேட்டாள். அதற்குள் கேலன் தன்னிடம் சொல்லியிருந்ததை, அந்தக் குரல் உட்பட, லூஆன் சொன்னாள். டாட்டி கையிலிருந்த தட்டை அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டாள்.

"அன்னிக்கு அவரு அஞ்சரைக்கே சோபாவுல தூங்கிட்டாரு," என்றாள். "நான் எதிர்ல உட்கார்ந்து பின்னிக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல தூக்கத்துல பேச ஆரம்பிச்சாரு. இத்தனை வருஷத்துல அப்படிப் பேசினதே இல்ல. 'இங்க ரத்தம் இருக்கு, இங்க ரத்தம் இருக்கு'ன்னு. அப்புறம் 'பட்டுச்சா, பட்டுச்சா'ன்னு. எழுப்பிப் பார்த்தேன், எழுந்திரிக்கலை. கடைசியா 'சரி'ன்னாரு. மணி பார்த்தேன். ஆறு இருபது."

லூஆன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருகிட்ட இன்னிவரைக்கும் நான் சொல்லலை," என்றாள் டாட்டி. "அவரு எழுந்திரிக்கும்போது கம்பளிக் காலுறை ரெண்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் நான்தான் காஞ்ச ஜோடி எடுத்துக் குடுத்தேன். சோபாவ விட்டு அவரு எறங்கவே இல்ல, நான் எதிர்லயே இருந்தேன். கழட்டிக் கொண்டுபோய்த் தொட்டியில பிழிஞ்சேன், லூஆன்."

குரல் இறங்கியது.

"தண்ணி செவப்பா வந்துச்சு."